இரண்டு கண்ணுக்கு ஒரு கல்யாணம்

நொச்சிப்பள்ளத்தில் வீடியோ கடை ஒன்றுதான். அதில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் தவசி எதையும் எண்ணாமல் அடி எடுத்துவைக்கமாட்டான். செங்கோடனும் மயில்சாமியும் அவன் எண்ணியதை அப்படியே நம்புவார்கள்.

அந்த வைகாசியில் செண்பகவல்லிக்குக் கல்யாணம். அவளுடைய ஒரே அண்ணன் குணாளன் சரக்குக் கப்பலில் நடுக்கடலில் இருந்தான். தாலி கட்டுவதை அவன் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் கண்கலங்க, தவசி வாக்குக் கொடுத்துவிட்டான். இடக்கண்ணுக்கு ஒரு கேமரா, வலக்கண்ணுக்கு ஒரு கேமரா. அதற்கென்று உள்ள கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் மணவறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒரே சங்கடம், கப்பலில் இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

வீடியோவை எப்படிச் சுருக்கி அனுப்புவது என்று பட்டணத்து இஞ்சினியர் ஒருவரைப் போனில் கேட்டான். அவர் சொல்லச் சொல்லத் தவசி விரல் மடக்கினான். ஒன்று, இடதில் இருப்பதை வலதிலும் அனுப்பாதே, வித்தியாசத்தை மட்டும் அனுப்பு. இரண்டு, அசையாததைத் திரும்ப அனுப்பாதே. மூன்று, முன்னால் நடந்ததை வைத்து ஊகிக்க முடிவதை அனுப்பவே வேண்டாம். நான்காவதாக, இதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று அவர் ஆரம்பித்தபோது, மூன்றே போதும் என்று தவசி போனை வைத்துவிட்டான்.

முகூர்த்த நாளில் வலது கேமராவைச் செங்கோடன் பிடித்தான். மாப்பிள்ளை உன்னிடம் இருக்கிறாரா என்று, இடது கேமராவைப் பிடித்திருந்த மயில்சாமியைக் கேட்டான். இருக்கிறார் என்றதும் கேமராவை அவரிடமிருந்து திருப்பினான். பெண், ஐயர், அக்கினி, குத்துவிளக்கு என்று இருபத்திரண்டு கேட்டான். எல்லாம் மயில்சாமியிடம் இருந்தன. இருபத்து மூன்றாவதாகப் பந்தலுக்குப் பின்னால் சாம்பார் அண்டா அகப்பட்டது. அது இல்லை என்றான் மயில்சாமி. அதன்பிறகு வலது கேமரா அண்டாவைவிட்டு அசையவில்லை.

மணமக்களும் அசையவில்லை. எனவே மயில்சாமி லென்ஸை மூடி போட்டு மூடினான். யாராவது அசைந்தால் திறப்பான்; திறப்பதற்குள் அசைந்து முடித்திருப்பார்கள்; மூடிவிடுவான். இப்படிப் பதினான்கு முறை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

"அண்ணா, திறக்கட்டுமா?" என்று மயில்சாமி தவசியைக் கேட்டான்.

"போன கல்யாணத்துல இந்த நேரத்துல என்ன நடந்துச்சு?"

"தாலி கட்டுனாங்க."

"அதுக்கு முந்தின கல்யாணத்துல?"

"அங்கேயும் அதேதான்."

"அப்ப இங்க?"

மயில்சாமி நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "தாலிதான் கட்டுவாங்கன்னு தோணுதுண்ணா."

"ஊகிச்சிட்டயில்ல? மூடு."

"மூணாவது முடிச்சையாச்சும்..."

"ரெண்டு போட்டவரு மூணாவதை விட்டுட்டா போவாரு?"

வீடியோ கடுகளவுதான் இருந்தது. சிட்டாய்ப் பறந்து கப்பலுக்குப் போய்விட்டது. மாலையைக்கூடக் கழற்றாமல் செண்பகவல்லி காத்திருந்தாள். கால்மணி நேரத்தில் குணாளனிடமிருந்து பதில் வந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"என்னங்கண்ணா, எங்கண்ணன் ஒண்ணுமே எழுதலையே?"

தவசி இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். இரண்டு முறையும் பூஜ்யம்தான்.

"உங்கண்ணன் உன்னை நல்லா இருன்னு வாழ்த்துவான்னு உனக்குத் தெரியாதா தங்கச்சி?"

"தெரியுமே."

"பின்ன அதை எதுக்கு அனுப்பணும்?"

அவள் முகம் மலர்ந்தது. நடுக்கடலிலிருந்து அண்ணன் இவ்வளவு நன்றாக வாழ்த்திவிட்டானே என்று ஆனந்தத்தில் அழுதாள். இடக்கண்ணால் மட்டும்தான் அழுதாள். வலக்கண்ணிலும் அதே கண்ணீர்தானே வரும் என்று அதை இறுக்கி மூடி வைத்திருந்தாள்.