இலை முறித்த குரங்கு

ஏரியை ஒட்டிய ஒரு காட்டில், மருத மரத்தின் உயரமான கிளையில் ஒரு மாங்குயில் கூடு கட்டியிருந்தது. அது வேட்டைக்குத் தடை விதித்த காடு. பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாங்குயில் பயந்த சுபாவம் உள்ளது. அதனால் இலை அடர்ந்த இடமாகப் பார்த்துக் குடியேறியிருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். அதே மரத்தில் ஒரு கரிச்சான் குருவியும் இருந்தது. உருவம் சிறிது, கோபம் பெரிது.

ஒருநாள் கேமராவுடன் வந்த இருவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கூடு இருக்கிறது. இலை மறைக்கிறதே" என்று சலித்துக்கொண்டார் ஒருவர்.

கீழே உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு அதைக் கேட்டது. சரசரவென்று ஏறி, கூட்டுக்கு முன்னால் இருந்த இலைக்கொத்தை முறித்துப் போட்டது. கூடு பளிச்சென்று தெரிந்தது. வந்தவர்கள் மகிழ்ந்துபோய் ஒரு வாழைப்பழம் வீசினார்கள். மறுநாள் வேறு சிலர் வந்தார்கள். குரங்கு இன்னொரு கொத்தை முறித்தது. இன்னொரு பழம் கிடைத்தது.

"அண்ணா, குஞ்சுகள் வெயிலில் வாடுகின்றன. விட்டுவிடுங்கள்" என்று மாங்குயில் கெஞ்சியது.

"உன் குஞ்சை நான் தொட்டேனா? இலையைத்தானே முறித்தேன். மரம் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றது குரங்கு, பழத்தை மென்றபடி.

கரிச்சான் கொத்தப் பாய்ந்தது. மாங்குயில்தான் தடுத்தது. "வேண்டாம். பகைத்துக்கொண்டால் கூட்டையே பிய்த்துவிடும்."

அடுத்த நாள் மாங்குயில் இரை தேடப் போன நேரத்தில், வானத்தில் ஒரு வல்லூறு வட்டமிட்டது. இத்தனை நாளும் அதன் கண்ணுக்கு அங்கே இலைதான் தெரிந்தது. இப்போது குஞ்சுகள் தெரிந்தன. கரிச்சான் கத்திக்கொண்டு பறந்து வருவதற்குள் கூடு காலியாகிவிட்டது.

வாயில் புழுவோடு திரும்பிய மாங்குயில், வெறும் கூட்டின் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

"நானா கொன்றேன்? வல்லூறைப் போய்க் கேளுங்கள்" என்றது குரங்கு.

"வல்லூறு கொல்லும் என்று காட்டுக்கே தெரியும்" என்றது கரிச்சான். "அதற்குப் பயந்துதான் இவள் இலைக்குள் ஒளிந்தாள். அந்த இலையை ஒரு பழத்துக்கு விற்றவன் நீ."

குரங்கு தோளைக் குலுக்கியது.

அப்போது முதலில் பாய்ந்தது கரிச்சான் அல்ல, மாங்குயில். நேராகக் குரங்கின் முகத்தில் பாய்ந்து கொத்தியது. பின்னாலேயே கரிச்சான் பாய்ந்தது. மைனாக்கள் வந்தன, மீன்கொத்தி வந்தது, ஏரியிலிருந்து கொக்குகளும் வந்தன. குரங்கு காதைப் பொத்திக்கொண்டு கிளைக்குக் கிளை தாவி, பாதையில் வந்து விழுந்தது.

பாதையில் கேமராக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். குரங்கு அவர்களிடம் கையை நீட்டியது. அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள்.

"கூடு காலி. இனி இங்கே என்ன இருக்கிறது?" என்று சொல்லி, குரங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார்கள்.

நீதி: காட்டிக்கொடுத்தவன் கையில் இரத்தம் இல்லாவிட்டாலும் கொலைப்பழி அவனுடையதே.