விழாத தட்டி

பூதலிங்கத்துக்கு அழுகை வருகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது சாமியின் வீட்டுப் புறவாசல்.

மனைவி கோமு இறந்த அன்று அவர் அழவில்லை. ரிட்டயர்டு ஏட்டு. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மீசையை நீவிக்கொண்டு, நாற்காலிகளை நேராகப் போடச் சொல்லிப் பந்தல்காரரை அதட்டிக்கொண்டு நின்றார். சரியான கல்லுளிமங்கன் என்று கோமுவின் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. அப்போதும் வரவில்லை.

யாரோ சொல்லித்தான் சாமியிடம் வந்தார். சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். தாடி கிடையாது, காவி கிடையாது. நாலு முழ வேட்டியும் கை வைத்த பனியனும். தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்தே ஏமாந்து, பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவார்கள். சாயங்காலமானால் புறவாசலில் பாய் விரித்து, ஓர் அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். வந்தவரும் உட்காரலாம். அவ்வளவுதான் உபதேசம்.

பூதலிங்கம் முதல் நாள் உட்கார்ந்ததும் கண் உடைத்துக்கொண்டது. இத்தனை நாளும் எங்கே இருந்ததோ, மீசை நனைந்து மோவாயில் சொட்டுகிற அளவுக்கு வந்தது. மறுநாளும் வந்தார். மறுநாளும் அழுதார். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. மனுஷன் பிழைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக்கு ஆள் குடிவந்தது.

இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவில் சுவர் இல்லை. எல்லையில் ஓர் அடிபம்பு, இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு சாயங்காலம் அங்கே கிரீச் கிரீச் என்று சத்தம் கேட்டு, பூதலிங்கம் நனைந்த கண்ணோடு திரும்பிப் பார்த்தார். குடத்தை வைத்துக்கொண்டு நின்றவர் தவசிக்கனி.

அழுகை அந்த நிமிஷமே வற்றிப்போனது.

"சாமி, இந்த இடத்துக்கு ஒரு மறைப்பு வேணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பக்கத்து வீட்டுக்காரன் பாக்கான்."

"பாத்தா?"

பூதலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பல வருஷத்துக்கு முந்தி, பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மாள் பர்ஸைக் காணோம் என்று கத்தினாள். பக்கத்தில் நின்றிருந்தவர் தவசிக்கனி. கேள்வி முறை எதுவும் இல்லை, பூதலிங்கம் கையை ஓங்கி ஓர் அறை விட்டார். தவசிக்கனியின் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நின்றார்கள். பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். பிறகு பார்த்தால் பர்ஸ் அந்த அம்மாளின் கூடையிலேயே, கத்திரிக்காய்க்கு அடியில் கிடந்தது. பூதலிங்கம் 'போ, போ' என்று கையை வீசி அனுப்பிவிட்டார்.

"அவன் முன்னால என்னால அழ முடியாது சாமி. மறைப்பு இல்லைன்னா நாளையில இருந்து நான் வர மாட்டேன்."

அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. வராவிட்டால் பழையபடி கல்லாகிவிடுவோம் என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சுவர் கட்ட முடியாது அண்ணாச்சி. அவங்க தண்ணிக்கு எங்க போவாங்க? எடுத்து வைக்கிற மாதிரி, மடக்குற மாதிரி ஏதாவது பாருங்க. சாயங்காலம் நிறுத்திக்கிடுவோம், முடிஞ்சதும் எடுத்திருவோம்."

அவ்வளவு போதும். ஏட்டையாவுக்கு ஒரு கேஸ் கிடைத்துவிட்டது.

மறுநாளே ஆட்டோவில் ஒரு மூன்று மடிப்புப் பலகைத் தட்டி வந்து இறங்கியது. நல்ல கனம். நடுப்பலகையில் தோகை விரித்த மயில். பூதலிங்கம் மூச்சு வாங்க அதைத் தூக்கி, அடிபம்புப் பக்கமாக நிறுத்தினார். ஊசி முனை அளவுகூட இடைவெளி இல்லை.

"எப்படி சாமி?"

"மயில் அழகா இருக்கு."

அந்த ஊர் கணவாய்க்குக் கீழே இருக்கிறது. ஆனி பிறந்தால் மலை இடுக்கு வழியாகக் காற்று புறப்பட்டு வரும். கொடியில் காயப்போட்ட துணியை அடுத்த தெருவில் போய்த்தான் எடுத்து வர வேண்டும். இதையெல்லாம் தெரிந்த மனுஷன், தட்டி வாங்கும்போது மட்டும் காற்றை மறந்துபோனார். அவர் கடையில் நின்று யோசித்ததெல்லாம் தவசிக்கனியின் கண்ணைப் பற்றி மட்டும்தான்.

ஒரே தள்ளு. மயில் மூக்கு உடைந்து குப்புறக் கிடந்தது.

அடுத்ததாக வந்தது ஆஸ்பத்திரிகளில் வைப்பார்களே, அந்த மாதிரி இரும்புக் குழாயில் தொங்குகிற பச்சைத் துணித் திரை. அடியில் சக்கரம். நகர்த்த எவ்வளவு சுலபம் என்று பூதலிங்கம் தள்ளிக் காட்டினார். சாமியும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு காற்று தள்ளியது. திரை வயிறு உப்பிக்கொண்டு கடகடவென்று ஓடி, எல்லையைத் தாண்டி, தவசிக்கனி வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். அதை உருட்டிக்கொண்டு வந்து, அடிபம்புக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போனாள். பூதலிங்கத்துக்கு மானம் போயிற்று.

"இதுவும் சரியில்லை சாமி."

"நல்லா ஓடுது அண்ணாச்சி, குறை சொல்லக் கூடாது."

கடைசியில் மூங்கில் சிம்பைக் கோத்த தட்டிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு மடிப்பு. தூக்கினால் ஒரு கைக்கு அடங்கும். சிம்புகளுக்கு நடுவே காற்று கொஞ்சம் கசிந்து போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். தரை ஈரம் சிம்பில் படாமல் இருக்கக் கால்கள் ஒரு சாண் உயரத்துக்கு நீண்டிருந்தன.

"காத்து போற வழியா கண்ணும் போகும்லா?" பூதலிங்கத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. சாமியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே அடிபம்படியில் போய் நின்றுகொண்டார்.

"சாமி, கையைத் தூக்குங்க."

சாமி கையைத் தூக்கினார்.

"தெரியலை. கண்ணைத் துடைக்கிற மாதிரி செய்யுங்க."

சாமி கண்ணைத் துடைத்தார்.

"அதுவும் தெரியலை. ஏதோ அசையுதுன்னு தெரியுது, யாருன்னு தெரியலை."

"அப்ப நானும் எந்திரிச்சிரவா?"

தட்டி தேறிவிட்டது. என்றாலும் காற்றை நம்ப முடியாது. இரண்டு சாக்கில் ஆற்று மணலை நிரப்பி, தினமும் சாயங்காலம் தட்டியின் கால்களில் சாய்த்துக் கட்டுவார். முடிந்ததும் அவிழ்த்து, தண்ணீர் எடுக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோரம் இழுத்துப் போடுவார். இடுப்பு கழன்றது. ஆனால் அழுகை திரும்பி வந்தது. அந்தப் பக்கம் அடிபம்பு கிரீச்சிடும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் நின்றதும் தொடர்வார்.

ஆடி பிறந்தது.

ஒருநாள் காலையில் மகள் வந்து கோமுவின் புடவைகளை எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள், அவரும் சரியென்றுதான் சொன்னார். மத்தியானம் சட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தார். அந்த அடுக்கு காலியாக இருந்தது. சட்டையை எடுக்காமலே கதவைச் சாத்தினார். சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எப்படி நடந்தார் என்றே தெரியாமல் சாமியின் புறவாசலுக்கு வந்தார். கை பழக்கத்தில் தட்டியை விரித்தது. பாயில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வந்தது இதுவரை வராத அழுகை. சத்தம் போட்டு வந்தது. கோமு, கோமு என்று பெயரைச் சொல்லிக்கொண்டு, குழந்தை மாதிரி, கையைத் தரையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அதே நேரம் கணவாய்க் காற்றும் கிளம்பியது. தெருவில் எங்கோ ஒரு தகரக் கூரை பிய்ந்து போகிற சத்தம் கேட்டது. புறவாசலில் நின்ற பப்பாளி மரம் நடுவில் ஒடிந்து சாய்ந்தது. மண் பறந்து வந்து முகத்தில் குத்தியது. அரிக்கேன் கண்ணாடிக்குள் சுடர் துடித்தது. பூதலிங்கம் எதையும் கவனிக்கவில்லை. அடிபம்பு கிரீச்சிட்டதா இல்லையா என்பதையும் கவனிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ள மறந்து, உள்ளே இருந்த கடைசிச் சொட்டுவரை அழுது தீர்த்தார்.

பிறகு தலையைத் தூக்கினார்.

காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஒடிந்த பப்பாளியின் இலைகள் வானத்தில் சுற்றின. தட்டி மட்டும் நின்றது. சிம்புகள் படபடத்தன, சட்டம் அசையவில்லை.

மணல் மூட்டைகள் புண்ணியத்தில் என்று எண்ணிக்கொண்டு காலடியைப் பார்த்தார். மூட்டைகள் அங்கே இல்லை. நேற்று இழுத்துப் போட்ட அதே சுவரோரத்தில் கிடந்தன. இன்றைக்கு அவர் கட்டவே இல்லை.

பூதலிங்கத்துக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. ஒரு கையில் தூக்கிவிடுகிற தட்டி. மரத்தை ஒடித்த காற்று. எதிரே சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். தாடி இல்லாவிட்டால் என்ன, காவி இல்லாவிட்டால் என்ன! இப்பேர்ப்பட்டவரிடமா கையைத் தூக்கு, கண்ணைத் துடை என்று வேலை வாங்கினோம் என்று பதறினார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி! உங்க சக்தி தெரியாம இருந்துட்டேன் சாமி!"

"எனக்கு ஏது சக்தி? காத்துல எனக்கே கண்ணுல மண்ணு விழுந்து உறுத்துது."

"அப்ப இது எப்படி நிக்கு?"

"விழுந்துதான் கிடக்கீங்க. அப்படியே தலையைத் திருப்பிப் பாருங்க அண்ணாச்சி."

பூதலிங்கம் தரையோடு கன்னத்தை வைத்துத் திரும்பினார். தட்டிக்கு அடியில், ஒரு சாண் இடைவெளியில், இரண்டு பாதங்கள் தெரிந்தன. மண்ணில் அழுத்தி ஊன்றிய பாதங்கள். வெடித்த குதிகால்கள் இந்தப் பக்கம், விரல்கள் அந்தப் பக்கம்.

ஏட்டாக இருந்தவருக்கு அது போதும். நிற்கிற ஆள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நிற்கிறான்.

எழுந்து சுற்றிக்கொண்டு போனார். தவசிக்கனி இரண்டு கையையும் பின்னால் கொடுத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டியில் முதுகைச் சாய்த்து, காலை உந்தி நின்றார். தலையெல்லாம் சருகு. கண்ணை இறுக மூடியிருந்தார். அடிபம்படியில் அவருடைய குடம் உருண்டு கிடந்தது.

காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சுதா ஏட்டையா? விடட்டுமா?"

இதற்கு முன் ஆயிரம் பேரைக் குறுக்கு விசாரணை செய்த பூதலிங்கத்தின் வாய், ஒரு கேள்வியை உருட்டித் திரட்டப் பெரும்பாடு பட்டது.

"நீங்க... எப்ப இருந்து நிக்கீங்க?"

"காத்து கிளம்பினதுல இருந்து."

"எதுக்கு?"

தவசிக்கனி இதில் என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

"தட்டி விழுந்துச்சுன்னா நீங்க அழுகையை நிறுத்திருவீங்கல்லா."

காற்று இருவரையும் ஒரு தள்ளுத் தள்ளியது. தவசிக்கனி சட்டத்தை விடவில்லை.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல..." என்று பூதலிங்கம் தொடங்கினார். மேலே வரவில்லை.

"அன்னைக்கு எனக்கும் வந்துச்சு ஏட்டையா. அத்தனை பேரு பாக்காங்க, எப்படி அழ? வீட்டுக்குப் போயிரலாம்னு அடக்கிக்கிட்டுப் போனேன். வீட்டுல பிள்ளைக என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அங்கயும் முடியலை." அவர் குரலில் கோபம் இல்லை. "அதுக்கப்புறம் எங்க அம்மா செத்தப்பகூட வரலை. உள்ளயே நின்னு போச்சு."

பூதலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். அறைந்த கன்னம் எது என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தன்னை விழாமல் பிடித்துக்கொண்டு இத்தனை நேரம் நின்றவர் இவரா என்ற பிரமிப்பில், கும்பிடத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது. தட்டியின் ஓரமாக எட்டிச் சாமியைப் பார்த்தார்.

"சாமி, இவருக்கு நான் என்ன செய்யணும்? கால்ல விழவா? சொல்லுங்க சாமி."

சாமி விளக்குத் திரியைக் கொஞ்சம் தணித்தார். பாயில் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினார்.

"காத்து இன்னும் நிக்கலை அண்ணாச்சி. நீங்க அந்தச் சட்டத்தைப் பிடிங்க. அவரு இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் உக்காரட்டும்."