நடுத்தடம் யாருக்கு?

சிங்காரம் என்ற புள்ளிமான் பெண் பார்க்கக் கிளம்பியது. விடிந்ததிலிருந்து கொம்பை மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தது. அதன் முதுகில் கல்யாணத் தரகர் மைனா உட்கார்ந்திருந்தது.

“மாப்ளே, வெரசா நட! உச்சிவெயிலுக்கு முன்னாடி வந்துடணும்னு பொண்ணோட அம்மா கறாரா சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போச்சுன்னா, உனக்குப் பொண்ணு கேக்க இந்தக் காட்டுல எனக்கு வாய் வராது, ஆமா!”

“கவலையே படாதீங்க தரகரே! பொண்ணு என் கொம்பைப் பார்த்தா போதும்!”

“கொம்பு போய்ச் சேரணுமே, அதைச் சொல்லு!”

பெண் வீடு குளக்கரையில். நடுவே ஒரு மேடு. அதன் மேல் யானைகள் நடந்து நடந்து போட்ட வழி ஒன்று உண்டு. அந்த வழியில் மூன்று தடங்கள். குளத்துக்குப் போகிறவர்களும் குளத்திலிருந்து வருகிறவர்களும் அவரவர் இடது பக்கத் தடத்தில் நடக்க வேண்டும். நடுத்தடம் இரண்டு பக்கத்தாருக்கும் பொது. முன்னால் மெதுவாகப் போகிறவரைத் தாண்ட மட்டும் அதில் கால் வைக்கலாம். தாண்டியதும் தன் தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

மேட்டில் மட்டும் ஒரு சலுகை. ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும் அல்லவா? அதனால் அங்கே நடுத்தடத்தில் ஏறுகிறவருக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

விதி போட்டது யானைகள். மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலே அந்தப் பக்கம் வருகிறவர் யானைக்குத் தெரியும். அதனால் உச்சியில் என்ன செய்வது என்று சொல்ல அவற்றுக்குத் தோன்றவே இல்லை! குள்ளமாகப் பிறந்தவர்கள்தான், உச்சி நெருங்கியதும் தாங்களாகவே தங்கள் தடத்தில் ஒடுங்கி நடந்தார்கள்.

சிங்காரம் மேட்டில் ஏறத் தொடங்கியது. முன்னால் ஒரு முள்ளம்பன்றி போய்க்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கக் கிழங்கு தோண்டிவிட்டு, தூக்கக் கலக்கத்தில் முள்ளெல்லாம் சலசலக்க ஆடி ஆடி நடந்தது.

“அண்ணே, கொஞ்சம் வேகமா போகக் கூடாதா? நான் பொண்ணு பார்க்கப் போறேன்!”

“போயேன் தம்பி. பொண்ணு எங்க ஓடியா போகப் போகுது? உச்சி இந்தா வந்துடுச்சு. தாண்டினதும் இறக்கத்துல எல்லாம் தெரியும். அப்ப முந்திக்க.”

“அதுவரைக்கும் உங்க முதுகையே பார்த்துக்கிட்டு வரணுமா?”

“கிட்ட வந்து பார்க்காத. குத்தும்!” என்றது முள்ளம்பன்றி.

மைனா சொன்னது: “மாப்ளே, ஒரு நிமிஷம் பொறு. நான் பறந்து போய் மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராச்சும் வர்றாங்களான்னு பார்த்துட்டு வந்துடறேன்.”

“எதுக்கு? ஏறுறவனுக்குத்தான் முன்னுரிமை! நான் ஏறிக்கிட்டுதானே இருக்கேன்? வர்றவன் ஒதுங்கட்டும்!”

சொன்ன வேகத்தில் சிங்காரம் நடுத்தடத்தில் பாய்ந்தது.

அதே நேரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் மொக்கையன் என்ற காட்டுப்பன்றி வந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கத் தோப்பில் இலுப்பைப் பூ கொட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, எச்சில் ஒழுக ஓடி வந்தது. அதற்கு முன்னால் ஓர் ஆமை.

“யக்கா, இது நடையா? இதுக்குப் பேரு நடையா?” என்றது மொக்கையன்.

“வீட்டையும் சேர்த்துச் சுமந்துட்டு நட. அப்புறம் தெரியும்!” என்றது ஆமை. “உச்சி வருதுடா. முந்தாத.”

“நான் ஏறுறேன்! நடுத்தடம் எனக்குத்தான்! எதிர்ல வர்றவன் ஒதுங்கட்டும்!”

மொக்கையனும் நடுத்தடத்தில் பாய்ந்தது.

இரண்டும் ஏறின. இரண்டுக்கும் முன்னுரிமை. இரண்டும் சரி. உச்சியில் ‘மடார்’ என்று ஒரு சத்தம்!

புழுதி அடங்கியது. மொக்கையனின் தலை சிங்காரத்தின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே சொருகிக் கிடந்தது. பன்றியின் கோரைப்பல் கொம்புக் கிளையில் மாட்டிக்கொண்டது. மூக்கோடு மூக்கு முட்டியபடி இரண்டும் முறைத்தன.

“ஏன்டா, கண்ணு தெரியலையா? நான் ஏறிக்கிட்டு இருந்தேன்!” என்று சீறியது சிங்காரம்.

“நீ என்னடா ஏறினே? நான்தான் ஏறினேன்!”

“என் பின்னங்காலைப் பாரு! இன்னும் ஏத்தத்துலதான் நிக்குது!”

“என் பின்னங்காலு மட்டும் என்ன, பந்தியிலயா உக்காந்திருக்கு?”

அந்த நேரத்தில் முள்ளம்பன்றி இந்தப் பக்கமிருந்து மெல்ல உச்சிக்கு வந்தது. ஆமையும் அந்தப் பக்கமிருந்து வந்து சேர்ந்தது. இரண்டும் தங்கள் தங்கள் தடத்தில் நின்று வேடிக்கை பார்த்தன.

“என்ன அண்ணே, சௌக்கியமா?” என்றது ஆமை.

“இருக்கேன்மா. இவங்களுக்கு என்ன, கட்டிப்பிடி வைத்தியமா?”

“தலையைத் தாழ்த்தி யாராச்சும் ஒருத்தர் ஒரு எட்டு பின்னால வச்சா போதும். கழண்டுக்கும்” என்றது ஆமை.

“அவன் வைக்கட்டும்!” என்றது மான்.

“அவன் வைக்கட்டும்!” என்றது பன்றி.

“அப்ப நாங்க வர்றோம்” என்றது முள்ளம்பன்றி. அதுவும் ஆமையும் இரண்டு பக்கமாக இறங்கிப் போய்விட்டன. மானும் பன்றியும் ஓர் அடிகூட நகரவில்லை.

வெயில் ஏறியது. மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளக்கரைக்குப் பறந்தது. பெண்ணின் அம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன தரகரே, உங்க மாப்பிள்ளை எங்க?”

மைனா சமாளித்தது: “அது வந்தும்மா... மாப்பிள்ளை வழியில ஒரு பெரிய மனுஷரோட முக்கியமான பேச்சுவார்த்தையில இருக்காரு!”

“அடேயப்பா! அவ்வளவு செல்வாக்கா? அப்ப நாமளே போய்ப் பார்த்துடுவோம். வாடி பூங்காவனம்!”

மைனா என்னென்னவோ சொல்லித் தடுத்துப் பார்த்தது. தாயும் மகளும் கேட்கவில்லை. தங்கள் தடத்தில் அமைதியாக மேடேறி வந்தன. உச்சியில் பார்த்தால், மாப்பிள்ளை ஒரு காட்டுப்பன்றியோடு மூக்கை உரசிக்கொண்டு நிற்கிறது!

“இவருதான் அந்தப் பெரிய மனுஷரா?” என்றது அம்மா மான்.

மைனா வேறு பக்கம் பார்த்தது.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. மாப்பிள்ளை அழகாகத்தான் இருந்தது. கொம்பும் பளபளவென்றுதான் இருந்தது. அதனால் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னது.

“இந்தாங்க, ஒரு எட்டு பின்னால வாங்க. உக்காந்து பேசுவோம்.”

சிங்காரத்துக்கு ஆசைதான். கால்கூடப் பின்னால் போகத் துடித்தது. அந்த நேரம் பார்த்து மொக்கையன், “அப்படி வா வழிக்கு! தப்பு உன் பேர்லதான்னு ஒத்துக்கிட்டியா?” என்று கேட்டுவிட்டது.

உடனே சிங்காரத்துக்கு ரோஷம் பொங்கியது. “நான் ஏன் பின்னால வரணும்? எனக்குத்தான் முன்னுரிமை! நீயே சொல்லு பூங்காவனம், நான் ஏறினேனா இல்லையா? விதி என்ன சொல்லுது?”

பூங்காவனம் அதை மேலும் கீழும் பார்த்தது. பிறகு அம்மாவிடம் திரும்பியது.

“அம்மா, மாப்பிள்ளைக்குத்தான் ஜோடி அமைஞ்சாச்சே! நாம எதுக்கு நடுவுல? வா, போகலாம்!”

இரண்டும் திரும்பி இறங்கிவிட்டன. போகும் வழியெல்லாம் அவற்றின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் சிங்காரத்துக்கு உறைத்தது. தலையைத் தாழ்த்தி ஓர் எட்டு பின்னால் வைத்தது. கொம்பு சுலபமாகக் கழன்றுகொண்டது. அவ்வளவுதான் வேலை!

“ஜெயிச்சேன்!” என்று கத்தியபடி மொக்கையன் தோப்புக்கு ஓடியது. அங்கே கரடிகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன. இலுப்பைப் பூவில் மிச்சமிருந்தது வாசனை மட்டும்தான்.

மேட்டு உச்சியில் சிங்காரம் மைனாவைப் பாவமாகப் பார்த்தது. “தரகரே, வேற இடம் ஏதாச்சும்...”

“வேற இடம் எதுக்கு மாப்ளே? அந்த முன்னுரிமையையே கட்டிக்க! தாலியை நான் வாங்கிட்டு வர்றேன்!” என்று சொல்லிவிட்டு மைனா பறந்தே போய்விட்டது.

உரிமை நம் பக்கமே இருந்தாலும், எதிரே யார் வருகிறார் என்று பார்த்து ஓர் எட்டு விட்டுக்கொடுக்கிறவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.