செவ்வாய்க்காரன் ஓடின கதை

மசமசப்பட்டிக்கு வழி தெரியாவிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், மசமசப்பட்டிக்காரனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவனும் கூடவே தேடிக்கொண்டு வந்துவிடுவான். அந்த ஊருக்கும் ஒரு பெரிய தலை உண்டு. பேர் வைரப்பெருமாள். தலை பெரிசுதான், உள்ளே நல்ல காற்றோட்டம்.

அவருடைய மச்சினன் மயிலேறி சினிமாவில் நடித்துவிட்டான். படத்தின் பேர் 'செவ்வாய்க்காரன் வர்றான்'. செவ்வாய்க் கிரகத்திலிருந்து பூமியைப் பிடிக்க வருகிற படையில் இவன் மூன்றாவது ஆள். மொத்தப் படையே மூன்று பேர்தான். உடம்பெல்லாம் பூசிவிட்ட பச்சைச் சாயம் இன்னும் காது மடலை விட்டுப் போகவில்லை.

பக்கத்து டவுனில் அரிசி மில் வைத்திருக்கும் ரத்தினசபாபதியின் மகள் சௌந்தரத்தை அவனுக்குப் பெண் கேட்டார்கள். மனிதர் பட்டென்று சொல்லிவிட்டார்: "முதல்ல படம் ஓடட்டும். ஓடினா பொண்ணு தர்றேன்." அன்றிலிருந்து மயிலேறிக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், அந்தப் பெண் மேல் உயிரையே வைத்திருந்தான்.

படம் டவுனுக்கு வந்தது. வைரப்பெருமாள், மச்சினனோடு சடையப்பன், உலகு என்று இரண்டு மகா புத்திசாலிகளையும் கூட்டிக்கொண்டு போனார். வாசல் போஸ்டரில் 'உங்களை சீட் நுனியில் உட்கார வைக்கும்' என்று போட்டிருந்தது. சொன்னபடியே நான்கு பேரும் நுனியில் உட்கார்ந்தார்கள், சறுக்கி விழுந்தார்கள், இடைவேளை வரைக்கும் தரையில் கிடந்தே பார்த்தார்கள்.

படமா அது, கண்றாவி! பறக்கும் தட்டு என்று ஒரு இட்லிக் கொப்பரையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படையெடுப்பு மலைக்கு அந்தப் பக்கம் நடந்துவிட்டதாக ஒருத்தர் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வார், அதோடு சரி. உலகு எழுந்துபோய்த் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அந்தப் பக்கம் ஒரு ஆடுதான் கட்டியிருக்கு. அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கானுங்க போல."

இவர்களை விட்டால் தியேட்டரில் சௌந்தரமும், துணைக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த அவள் அத்தையும்தான். சௌந்தரம் தினமும் வருகிறாளாம். ஆனால் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சுவரில் ஆபரேட்டர் செல்லையா படம் ஓட்டுகிற ஓட்டையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் அங்கேயிருந்துதானே கிளம்பி வருது? விவரமான பொண்ணுடா மச்சான், சுடச்சுடப் பார்க்குது" என்று வைரப்பெருமாள் மயிலேறியின் முதுகில் தட்டினார். அவனுக்குக் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

மறுநாள் மதியக் காட்சிக்கு வந்தால், மானேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "படம் ஓடலைய்யா. படுத்துடுச்சு."

"ஐயோ மாமா, என் கல்யாணம் போச்சே!" என்று மயிலேறி ஓவென்று அழுதான். மற்ற மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள்.

"ஏன் ஓடலையாம்?" என்றான் சடையப்பன்.

"கால் இருந்தாத்தானே ஓடும்? பெட்டிக்குள்ள சுருண்டுல்ல கிடக்குது" என்றான் உலகு.

"அதெல்லாம் அப்புறம். படுத்திருக்கிறதை முதல்ல எழுப்புங்க" என்றார் வைரப்பெருமாள்.

சடையப்பன் ஒரு சொம்புத் தண்ணீரை மானேஜர் காலடியில் இருந்த படப்பெட்டியின் மேல் பளாரென்று அடித்தான். மானேஜர் துள்ளி எழுந்தார். "யோவ்! அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கேயாவது ஓடுங்கய்யா, ஆளை விடுங்க!"

"பார்த்தீங்களா, அவருக்கும் வழி தெரிஞ்சிருக்கு. தூக்கத்தான் ஆள் இல்லாம உட்கார்ந்திருக்கார்" என்றார் வைரப்பெருமாள்.

தூக்கினார்கள். ஓடினார்கள். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, சந்தை எல்லாம் ஓடினார்கள். முன்னால் மயிலேறி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "செவ்வாய்க்காரன் ஓடுது! செவ்வாய்க்காரன் ஓடுது!" என்று கத்திக்கொண்டு போனான். தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காத சனம் எல்லாம் பின்னாலேயே திரண்டு வந்தது. அரிசி மில் வாசலில் ரத்தினசபாபதி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ஐயா, கண்ணாரப் பார்த்துக்குங்க. படம் ஓடுது! கூட்டத்தையும் பாருங்க. பொண்ணைத் தர்றீங்களா?" என்று வைரப்பெருமாள் மூச்சு வாங்கினார்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஐயோ, நம்ம பொண்ணு ஓடிட்டாளே! அந்தப் படம் ஓட்டுறவன் செல்லையாவோட! பெட்டியை எவனோ தூக்கிட்டுப் போயிட்டானாம், மதியக் காட்சி கிடையாதாம், ரெண்டு பேரும் சாவகாசமா பஸ் ஏறிட்டாங்களாம்!"

மயிலேறி பொத்தென்று தரையில் உட்கார்ந்து மறுபடியும் அழுதான்.

"அட, எதுக்குடா அழறே?" என்று வைரப்பெருமாள் அவனைத் தூக்கி நிறுத்தினார். "உன் படத்தை ஓட வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பொண்ணு தானாவே ஓடுது. எவ்வளவு ராசியான பொண்ணு!" பிறகு ரத்தினசபாபதியிடம் திரும்பி மிகவும் பணிவாகக் கேட்டார்: "பொண்ணு எத்தனை தியேட்டர்ல ஓடுதுங்க?"

ரத்தினசபாபதி உலக்கையைத் தூக்கினார். "ஓடுங்கடா! ஓடுங்கடா இங்கிருந்து!"

வைரப்பெருமாளுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஒன்ஸ்மோர் கேட்கிறார்டா! தூக்குங்க பெட்டியை!"