வாழைக்கன்று கட்டிய ஒயர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கான்ட்ராக்டர் தணிகாசலத்தின் முப்பது வருஷத்துக் காருக்குப் பேய் பிடித்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்கியது. இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட் கண்ணடித்தது.

தெருவே கூடிவிட்டது. தணிகாசலம் டிரைவர் இருளப்பனிடம் எகிறினார்.

"எவனோ வண்டியில கை வச்சிருக்கான்! அவன் இனிமே இந்த வண்டிப் பக்கமே வரக்கூடாது. பத்து நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடி. இல்லேன்னா அது நீதான்!"

இருளப்பன் பின்பக்கம் குனிந்து பார்த்தான். விளக்குகளுக்கு எர்த் கொடுக்கும் கறுப்பு ஒயர் பாதியில் அறுபட்டிருந்தது. நிமிர்ந்தவன், பின் பம்பரில் நின்ற பூஜை வாழைக்கன்றை ஆசையாகத் தடவினான்.

"இதை யாருங்கய்யா இவ்வளவு அம்சமாக் கட்டினது?"

"நான்தான்டா! உன்னை மாதிரி கயிறு தேடி அலைவேனா? பின்னாடி ஒரு ஒயர் சும்மா தொங்கிச்சு. நறுக்குனேன், கட்டுனேன்!"

இருளப்பன் கன்றை அவிழ்த்து, ஒயரை இருந்த இடத்தில் முறுக்கிச் சேர்த்தான். பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தது. இண்டிகேட்டர் ஒழுங்காகச் சிமிட்டியது. தெரு கொல்லென்று சிரித்தது. தணிகாசலத்தின் முகம் வாழைப்பூவாகச் சிவந்தது.

இருளப்பன் கைகட்டி நின்று கேட்டான்:

"ஆள் கிடைச்சுட்டாருங்கய்யா. ஆனா அவர் வண்டிப் பக்கம் வரக்கூடாதுன்னா, பின் சீட்ல யாரை உட்கார வச்சு ஓட்டறது?"