பாண்டியண்ணன் மெஷினில் யாரும் உட்கார முடியாது

தூத்துக்குடியில் ஒரு குடைக்கடையின் மாடியில் இருந்த சின்ன அலுவலகம் அது. அங்கே பியூலாவை எல்லோரும் ‘குருவே’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கேலி. அப்புறம் பழக்கம். கடைசியில் யாருக்கும் அதில் கேலி இருந்ததே நினைவில்லை.

அவரிடம் வேலை கற்றவர்கள் இரண்டு பேர். செந்தூர்பாண்டி குருவைவிட வயதில் மூத்தவர். தலை பாதி நரைத்துவிட்டது. ரிஹானா எல்லோரிலும் இளையவள். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

வேலை இதுதான். மத்தியானம் வானிலைக் கணக்கு ஒரு கோப்பாக வந்து இறங்கும். பாதி நாள் கோணல்மாணலாகத்தான் வரும். அதை நிமிர்த்தி, தமிழாக்கி, பொழுது சாய்வதற்குள் படகுக்காரர்களின் போனுக்குக் காற்றுச் செய்தியாக அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் மறுநாள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள்.

அதைச் செய்கிறவர் பாண்டி. அவர் மட்டும்தான்.

அவருடைய மெஷின் ஓர் அதிசயம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. கோப்பைத் திருத்தும் எடிட்டரில் ஒவ்வொரு கீயையும் தன் விரலுக்கு வாகாக இடம் மாற்றி வைத்திருந்தார். கட்டளைகளுக்கெல்லாம் சுருக்குப் பெயர். கோப்பை நிமிர்த்திவிட்டு ‘கியூ’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடந்து செய்தி போய்விடும். தட்டிவிட்டு அவர் சோம்பல் முறிப்பதைப் பார்க்க வேண்டும். வேள்வி முடித்த மாதிரி இருக்கும்.

ரிஹானா மவுஸ் பிடித்து வேலை செய்கிறவள். “எலி பிடிக்கிற பிள்ளை” என்று கிண்டல் செய்வார்.

“எலியாவது சொன்னாக் கேக்கும்ணே. உங்க மெஷினுக்கு மந்திரம்லா ஓதணும்” என்பாள் அவள்.

குருவுக்கென்று தனியாக மெஷின் இல்லை. எந்த ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதோ அதன் கீழே உட்காருவார். அங்கே எந்த எடிட்டர் திறந்திருக்கிறதோ அதில் தட்டுவார்.

ஒரு நாள் பாண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“குருவே, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்கண்ணே.”

“உலகத்துல எத்தனையோ எடிட்டர் இருக்கு. உங்களுக்கு எது மேலயும் ஒரு பிடிப்பு இல்லையே, ஏன்?”

“எனக்கும் சேர்த்து நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்கள்லா. சரி, நீங்க கேக்க வந்தது இது இல்லையே.”

பாண்டி தலையைச் சொறிந்தார்.

“லீவு வேணும். தங்கச்சி மகளுக்கு நாளான்னைக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயில்ல. நான்தான் தாய்மாமன்.”

“போயிட்டு வாங்க.”

“மூத்தவளுக்குக் குத்தினப்பவும் இப்படித்தான் கிளம்பினேன். ஃபைல் கோணலா வந்துட்டு. பாதி வழியில இறங்கித் திரும்பி வந்தேன். பிள்ளைய வேற யார் மடியிலயோ வச்சுக் குத்திட்டாங்க. இந்தத் தடவையும் வரலைன்னா இனி வாசப்படி மிதிக்காதேன்னு தங்கச்சி சொல்லிட்டா.”

“அப்போ போய்த்தான் ஆகணும். உங்க இடத்துல யாரு உட்காருவா?”

“யாரு உட்கார்ந்தா என்ன? மெஷின் தானா ஓடும்.”

குரு திரும்பி, “ரிஹானா, அண்ணன் நாற்காலியில உட்காரும்மா” என்றார்.

ரிஹானா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். ஒரு கீயைத் தட்டினாள். கோப்பு காணாமல் போனது. இன்னொன்றைத் தட்டினாள். திரை இரண்டாகப் பிளந்தது. மூன்றாவதைத் தட்டியதும் நாதஸ்வரம் ஒலித்தது.

“இது எதுக்குண்ணே?”

“வேலை முடிஞ்சா வாசிக்கும்.”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

“தள்ளு, தள்ளு. இந்தா, இவ்வளவுதான்.” பாண்டி குறுக்கே கையை நீட்டிப் படபடவென்று தட்டினார். கோப்பு திரும்பி வந்தது, திரை ஒன்றானது, நாதஸ்வரம் நின்றது.

“என்ன தட்டுனீங்க?”

பாண்டி தன் விரல்களைப் பார்த்தார்.

“தெரியலையே. கை தட்டிட்டு.”

“கைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?”

“இரு, சொல்லுதேன்.” கண்ணை மூடிக்கொண்டு மேஜை மேல் விரல்களை ஓடவிட்டார். எந்த விரல் எங்கே விழுகிறது என்று ரிஹானா குனிந்து பார்த்தாள்.

“மெதுவாண்ணே.”

“மெதுவா வராதும்மா. வேகமாப் போனாத்தான் வரும்.”

குரு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ரிஹானாவும் சிரித்தாள். பாண்டி சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய திரை வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் ஒரு புது மவுஸ்.

“என்னண்ணே இது?” என்றார் குரு.

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன். கடையில இருந்து இப்பத்தான் இறக்கின மாதிரி இருக்கு. இனி எலி பிடிக்கிறவ, பூனை பிடிக்கிறவ, யாரு வேணும்னாலும் உட்காரலாம்.”

“அந்த நாதஸ்வரத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அது நல்லா இருந்துச்சேண்ணே.”

பாண்டி பயணப் பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும்.

மத்தியானம் கோப்பு வந்தது. கோணல்தான்.

வரி இறங்குவதற்கு அவர் விரல் வழக்கம்போல ஓர் எழுத்தைத் தட்டியது. வெறும் எடிட்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. தட்டியதெல்லாம் கோப்புக்குள் போய் விழுந்தது. காற்றுக்கும் அலைக்கும் நடுவில் ‘ஜேஜேஜேஜே’ என்று ஒரு வரிசை.

“இது எந்தத் திசைக் காத்துண்ணே?” என்றாள் ரிஹானா.

“வாயை மூடிட்டு அழி.”

ஒரு வழியாகக் கோப்பை நிமிர்த்தினார். வியர்த்திருந்தது. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து ‘கியூ’ தட்டினார்.

அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது மெஷின்.

பாண்டி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் குருவைப் பார்த்தார்.

“அதையும் அழிச்சுட்டேன்.”

“நகல் வச்சிருப்பீங்கள்லா?”

“வச்சிருக்கேன். பத்திரமா வேற ஒரு இடத்துல இருக்கு. அந்த இடத்துக்குப் போறதுக்கு ஒரு சுருக்குப் பெயர் வச்சிருந்தேன்.”

“அது எங்க இருந்துச்சு?”

“அழிச்சதுக்குள்ளதான்.”

ரிஹானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போகட்டும். கியூக்குள்ள என்ன எழுதி இருந்துச்சு?” என்றார் குரு.

பாண்டியின் குரல் இறங்கிவிட்டது. “நான்தான் எழுதினேன், குருவே. எழுதி வருஷக்கணக்காச்சு. அப்புறம் உள்ள திறந்தே பார்க்கல. தட்டுவேன், நடக்கும்.”

போன் அடித்தது. துறைமுகத்திலிருந்து லூர்து. சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். அவர் பேசுவது போனைக் காதில் வைக்காமலே எல்லோருக்கும் கேட்கும்.

“காத்து என்னம்மா ஆச்சு? பாண்டி தூங்கிட்டானா?”

“வந்துட்டே இருக்குண்ணே.”

“காத்தா, செய்தியா?”

“ரெண்டும்.”

குரு போனை வைத்தபோது பாண்டி தன் போனைக் கையில் எடுத்திருந்தார்.

“என்ன செய்யுதீங்க?”

“வரலைன்னு தங்கச்சிக்குச் சொல்லிருதேன்.”

“அதை வைங்க. ரிஹானா, உட்காரு. அண்ணே, நீங்க அவளுக்குப் பின்னால நில்லுங்க. கையைப் பின்னால கட்டிக்கிடுங்க.”

“கையைக் கட்டிட்டு எப்படிக் குருவே?”

“வாய் இருக்குல்லா.”

பாண்டி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர் மாதிரி இருந்தது.

“முதல்ல என்னண்ணே நடக்கும்?” என்றாள் ரிஹானா.

“வெத்து வரியெல்லாம் போகும்.”

“எதுக்கு?”

“அது இருந்தா சின்ன போன்ல பாதிச் செய்திதான் தெரியும். ஒருதடவை அலை எவ்வளவுங்கிறதே தெரியாமப் போச்சு.”

ரிஹானா கட்டளையை முழுப் பெயரோடு நிதானமாகத் தட்டினாள்.

“ஒரு எழுத்துல முடியுறதை முழ நீளத்துக்கு எழுதுதியேம்மா.”

“படிச்சாப் புரியுதுல்லா. அப்புறம்?”

“அப்புறம் திசை. மேற்குன்னு வந்தா கச்சான்னு மாத்தும். கடல்ல போறவன் மேற்குக் காத்துன்னா சொல்லுவான்?”

“கிழக்குக்குக் கொண்டல், வடக்குக்கு வாடை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நானும் கடக்கரைக்காரிதாண்ணே. எங்க வாப்பா காலையில எந்திரிச்சதும் சொல்லுற முதல் வார்த்தையே அதுதான்.”

“இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே!”

“நீங்க கேட்டாத்தானே.”

பாண்டி அன்று முதல்தடவையாகச் சிரித்தார். “சரி, எழுது. அப்புறம் கொஞ்சப் பேருக்கு அனுப்பும். அனுப்பிட்டுச் சும்மா நிக்கும்.”

“சும்மா எதுக்கு நிக்கணும்?”

பின்னால் கட்டியிருந்த கையில் விரல்கள் துடித்தன. அவை தட்டப் பார்த்தன. பாண்டி அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“ஆங். எல்லாத்தையும் ஒரே மூச்சுல தள்ளினா அந்தப் பக்கம் திணறிரும். கடைசியில உள்ளவங்களுக்குப் போய்ச் சேராது. அதான் நடுநடுவுல நிப்பாட்டி அனுப்பணும்.”

ரிஹானா கட்டளையை எழுதினாள். ஏன் நிற்க வேண்டும் என்பதையும் அதற்கு மேலே ஒரு வரியாக எழுதினாள்.

“அவ்வளவுதானே?”

“இன்னொண்ணு இருக்கு. அனுப்புறதுக்கு முன்னால ஃபைலோட பேரை மாத்தும். உடனே பழைய பேருக்கே திரும்ப மாத்திரும்.”

“அது எதுக்குண்ணே?”

பாண்டி கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“தெரியல.”

“தெரியாமலா போட்டீங்க?”

“என்னைக்கோ ஒரு நாள் எதுவும் நடக்காம இருந்துச்சு. அப்படிச் செஞ்சதும் நடந்துச்சு. அதுல இருந்து விடல.”

“கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டுற மாதிரியா?”

“அப்படித்தான்னு வச்சுக்கோயேன்.”

இருவரும் குருவைப் பார்த்தார்கள். குரு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சேர்க்காமலே ஓட்டினார்கள். ஓடியது.

லூர்து திரும்பக் கூப்பிட்டார். “வந்துட்டு, வந்துட்டு. கச்சான்னு போட்டிருக்கும்போதே நினைச்சேன், பாண்டி முழிச்சுட்டான்னு.”

“நான்தாண்ணே அனுப்பினேன்” என்றாள் ரிஹானா.

“நீ யாரு தாயி?”

பாண்டி கைகளை அவிழ்த்து உதறினார். மரத்துப்போயிருந்தன. மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

“குருவே, நாளைக்கும் ஃபைல் கோணலா வந்தா?”

“வரும்.”

“வந்தா என்ன செய்வீங்க?”

“நிமித்துவோம். பஸ் போயிரும்ணே.”

கோயிலில் பிள்ளையை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவள் வீறிட்டாள். தாய்மாமனின் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பையிலிருந்த போன் தெறித்து மணலில் விழுந்தது. பாண்டி அதை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையின் தலையைப் பிடித்திருந்தார்.

எல்லாம் முடிந்ததும் தங்கச்சி அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

“இந்தா, உன் பொண்டாட்டி. வலிக்கப் போகுது, தடவிக் குடு.”

அவள் சிரித்தாள். அதைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பந்தியில் பாண்டி போனை இலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சாம்பாருக்கும் அடிக்கவில்லை. மோருக்கும் அடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அவரே கூப்பிட்டார்.

“என்னண்ணே, காது குத்தியாச்சா? அழுதாளா?” என்றாள் ரிஹானா.

“அழுதா. ஃபைல் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“கோணலா?”

“கோணல்னா கோணல், அப்படி ஒரு கோணல்.”

“அனுப்பிட்டியா?”

“அப்பவே அனுப்பியாச்சு. வேற ஏதாவது சொல்லணுமாண்ணே?”

பாண்டி யோசித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லம்மா.”

ஊரிலிருந்து திரும்பிய அன்று அவர் மாடிப்படியில் மெதுவாக ஏறினார். அவருடைய நாற்காலியில் ரிஹானா உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். “இரு, இரு” என்று கையமர்த்திவிட்டு, ஃபேனுக்குக் கீழே இருந்த குருவிடம் போனார்.

“எப்படி நடந்துச்சு?”

“நல்லா நடந்துச்சு, குருவே. பிள்ளை என் மடியிலதான் இருந்தா. தங்கச்சி சோறு கட்டிக் குடுத்து விட்டா.”

“பின்ன ஏன் மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு?”

“ஒண்ணும் இல்லையே.”

“சொல்லுங்கண்ணே.”

பாண்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அங்க இருந்தப்ப போனையே பார்த்துட்டு இருந்தேன். அடிக்கவே இல்லை. நான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கு. நல்லதுதான். ஆனா ஒருத்தரும் என்னையத் தேடலையே, குருவே.”

குரு தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“தேடுனோமே.”

“எப்போ?”

“மத்தியானம். சாப்பிட உட்கார்ந்தப்போ.”