பனிக்குள் ஒரு மடி

"ரங்கி எம்புள்ளயக் கடிச்சிட்டா" என்றாள் செண்பகவல்லி.

மாதி ஓடைக்கரையில் உட்கார்ந்து குழந்தைகளின் கம்பளிகளை உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆழமாவாங்க்கா?"

"பல்லுத்தடம் அப்படியே பதிஞ்சிருக்கு!"

"அப்ப பல்லெல்லாம் நல்லா முளைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, மாதி அடுத்த கம்பளியை எடுத்தாள்.

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதி அந்தப் பள்ளியின் குரு. செண்பகவல்லி சிஷ்யை. வயதைப் பார்த்தால் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். சிஷ்யைக்குத் தலையில் நரை தொடங்கிவிட்டது. குருவுக்கு இன்னும் முகத்தில் பரு போகவில்லை.

பள்ளி என்று சொன்னாலும் அங்கே கட்டடம் இல்லை. மலைச்சரிவில் ஒரு சோலை, ஒரு புல்வெளி, நடுவே ஓடை. அவ்வளவுதான். காலையில் பிள்ளைகள் வருவார்கள். கூடவே ஊர்க்காரர்கள் முறை வைத்து வருவார்கள். தேன் எடுப்பவர், விறகு பொறுக்குபவர், ஆடு மேய்ப்பவர், யாருக்கு அன்று முறையோ அவர்கள்.

மணி அடிப்பதில்லை. ஒரு நாள் முழுக்க மரத்தில் காதை வைத்து, உள்ளே தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சிலருக்குக் கேட்கும். சிலர் கேட்டதாகச் சொல்லிவிட்டு மரத்தடியிலேயே தூங்கிப்போவார்கள். அதுவும் பாடம்தான் என்பாள் மாதி.

செண்பகவல்லி சமவெளியில் நெடுங்காலம் டீச்சராக இருந்தவள். இதுபோல ஒரு பள்ளியைத் தன் ஊர்க் குளத்தங்கரையில் தொடங்க வேண்டும் என்று ஆசை. வேலையை விட்டுவிட்டுக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். மகன் கோமதிநாயகத்தையும் கூட்டி வந்திருந்தாள். வெகுகாலம் ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. அவன் தும்மினால் இவளுக்குக் காய்ச்சல் வரும்.

அந்த மலையில் பனி சொல்லிக்கொண்டு வராது. திடீரென்று இறங்கும். கையை நீட்டினால் கை தெரியாது. சரிவின் ஓரத்திலோ பெரும் பள்ளம். அதனால் செண்பகவல்லி வந்த அன்றைக்கே மாதி சொல்லியிருந்தாள்.

"பனி இறங்குச்சுன்னா யாரும் நடக்கக் கூடாதுங்க்கா. இருக்கற எடத்துலயே உக்காந்துக்கோணும். பக்கத்துல எந்தக் குழந்தை இருக்குதோ, அதை மடியில வெச்சுக்கோணும். பனி விலகற வரைக்கும் அது உங்க குழந்தை."

"எம்மவன்?"

"அவன் யாரு மடியிலயாவது இருப்பான்."

செண்பகவல்லி அன்று தலையை ஆட்டினாள். தலை மட்டும்தான் ஆடியது.

"அந்த ரங்கிப் புள்ளய ரெண்டு நாளைக்கு வீட்டுல வைக்கச் சொல்லுங்க" என்றாள் இப்போது.

"எந்த வீட்டுலங்க்கா? அவ அம்மா போய்ச் சேந்ததுல இருந்து வீட்டுக்கு வீடு மாறித்தான் தூங்கறா. நேத்து எங்க வீட்டுல."

செண்பகவல்லி கொஞ்சம் தணிந்தாள். ஆனால் மகனின் கையில் இருந்த பல்தடம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அதுக்காவ கடிக்கதா?"

மாதி கையிலிருந்த கம்பளியின் ஓரத்தைக் காட்டினாள். ஓரம் முழுக்க நைந்து, பொத்தல் பொத்தலாக இருந்தது.

"எலி கடிச்சிருக்கு" என்றாள் செண்பகவல்லி.

"எலி இல்லீங்க்கா, ரங்கி." கம்பளியைப் பாறைமேல் விரித்தாள். "முந்தாநாள் பனி இறங்குச்சே. உங்க பக்கத்துல யாரு இருந்தா?"

"தெரியலியே. ஏதோ ஒரு கம்பளி தெரிஞ்சுது. நாயகம் இருமுத சத்தம் கேட்டுது, எந்திரிச்சுப் போயிட்டேன்."

"பனிக்குள்ளயா?"

"பெத்தவ வேற என்ன செய்வா?"

"ஆமாங்க்கா. வேற என்ன செய்வாங்க" என்றாள் மாதி. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் செண்பகவல்லிக்கு இன்னும் சுட்டது.

"நான் கிளம்புதேன்" என்றாள். "மத்தியான பஸ்ஸுக்கே போயிருதேன். எல்லாப் புள்ளையும் எம்புள்ளன்னு வாயால சொல்லிரலாம். மனசு ஒப்பணும்லா? ஒப்பாம இங்க இருந்தா அது பொய்யி. எனக்குப் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அந்தக் குளத்தங்கரைப் பள்ளியை அவள் தூக்கத்தில்கூடப் பார்த்திருக்கிறாள். எந்த மரத்தடியில் எந்தப் பிள்ளை உட்காரும் என்பதுவரை தெரியும்.

"சரிங்க்கா. பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள் மாதி.

இரு என்று ஒரு வார்த்தை வரும் என்று சிஷ்யை காத்திருந்தாள். குரு கம்பளியை உதறிக்கொண்டிருந்தாள்.

மூட்டையைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தோளில் போட்டுக்கொண்டு மகனைத் தேடி வந்தாள்.

நாயகம் ஓடைக்கு அந்தப் பக்கம், புல்வெளியின் கோடியில் ஓர் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அன்றைய முறை காளனுடையது. ஆடு மேய்ப்பவன். அவன் கம்பளிக்கு ஆட்டின் வாடை. நாயகத்தை அவனிடம் விட வேண்டாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நாயகம், வா, ஊருக்குப் போவம்!"

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பனி இறங்கிவிட்டது.

முதலில் மரங்களின் தலைகள் போயின. பிறகு காளனும் ஆடுகளும் போனார்கள். ஓடை போயிற்று, அதன் சத்தம் மட்டும் இருந்தது. கடைசியில் அவளுடைய கால்களும் போயின. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒன்றுபோல வந்தது. விடியலா, உச்சிப்பொழுதா என்று சொல்ல முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்தில் வருவதுபோல வந்து எங்கோ போய்விட்டது.

அப்புறம் ஒரு விசும்பல். பக்கத்தில்தான்.

"நாயகம்!"

கையை நீட்டினாள். ஈரக் கம்பளி தட்டுப்பட்டது. அப்படியே வாரி எடுத்து, உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இரண்டு குட்டிக் கைகளும் கழுத்தை இறுக்கின.

"அம்மா இருக்கேன் ராசா. அழக் கூடாது. நம்ம ஊருக்குப் போயிருவோம், என்ன?"

பிள்ளை பேசவில்லை. விசும்பல் மெல்லக் குறைந்தது. இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகப் போய் வந்தது. செண்பகவல்லி முன்னும் பின்னுமாக ஆடினாள். கண் சொருகியது.

ஊர்க் குளம் தெரிந்தது. கரையில் பிள்ளைகள் வரிசையாகக் கம்பளி மூடி உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் முகம் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு கம்பளியாக விலக்கிப் பார்த்தாள். நாயகம் இல்லை. அடுத்தது. நாயகம் இல்லை. அடுத்தது. அவள் கடந்துபோன பிள்ளைகள் எல்லாரும் கம்பளி விலகியபடியே குளிரில் உட்கார்ந்து, அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா!"

தூக்கிவாரிப் போட்டது. அது நாயகத்தின் குரல். ஆயிரம் குரலிலும் அவளுக்கு அது தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அப்படியானால் மடியில் இருப்பது?

அவள் எழுந்திருக்கப் போனாள். தோளில் சுருக்கென்றது.

"ஆ! ரங்கியா?"

பல் விடவில்லை. சேலையைச் சேர்த்துக் கவ்வியிருந்த வாயிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கு மாதிரி எந்திரிச்சுப் போயிருவியா?"

செண்பகவல்லிக்கு நினைவு வந்தது. முந்தாநாள் பக்கத்தில் தெரிந்த கம்பளி.

"அம்மா! அம்மா!"

ஒரு முட்டி தரையில், ஒரு முட்டி அந்தரத்தில். எழுந்து ஓடலாம். நாலு எட்டில் ஓடை. தாண்டினால் மகன். கால் துடித்தது. மடியில் இருந்தது நடுங்கியது. செண்பகவல்லி என்ன செய்வதென்று தெரியாமல் வாய்விட்டே அழுதுவிட்டாள்.

"த்ரூர்ர்ர்… பா, பா, பா…"

பனிக்குள் காளனின் குரல். ஆட்டுக்குட்டியைக் கூப்பிடும் குரல்தான்.

நாயகத்தின் அழுகை நின்றது.

தேய்ந்து மறையவில்லை. பட்டென்று நின்றது. யாராவது தூக்கி நெஞ்சோடு அணைத்தால் மட்டும்தான் அவன் அழுகையை அப்படி நிறுத்துவான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நேரம் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மகன் சொன்னான். "கம்பளி நாறுது!"

சொல்லிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தான். கூடவே காளனும் சிரித்தான்.

அந்தரத்தில் இருந்த முட்டி தரைக்கு வந்தது. செண்பகவல்லி கால்களை மடக்கி, நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போவ மாட்டேன்" என்றாள்.

பல் உடனே விடவில்லை. ரங்கி அவ்வளவு சுலபமாக யாரையும் நம்புகிறவள் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக விட்டது.

பனி எப்போது விலகியது என்று தெரியவில்லை. முதலில் ஓடை வந்தது. பிறகு மரங்கள் ஒவ்வொன்றாக வந்து அவரவர் இடத்தில் நின்றன.

மாதி புல்லை மிதித்துக்கொண்டு வந்தாள்.

செண்பகவல்லியின் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. ஊருக்குப் போகும்போது போட நாயகத்துக்கு எடுத்து வைத்திருந்த புதுச் சட்டை ரங்கியின் கால்களைச் சுற்றியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் காளனின் தோளில் உட்கார்ந்து நாயகம் கையை ஆட்டினான். செண்பகவல்லி விரலை மட்டும் அசைத்தாள்.

"பாதை தெரியுதுங்க்கா" என்றாள் மாதி. "பஸ்ஸு இன்னும் போகலை."

மாதியின் பார்வை சிஷ்யையின் தோளுக்குப் போயிற்று. சேலையில் சின்ன வட்டமாக ஈரம்.

"கடிச்சுட்டாளா?"

"மெதுவா பேசுங்க" என்றாள் செண்பகவல்லி. "இப்பந்தான் கண் அசந்திருக்கா."